செவலையின் கயிறு

கழுநீர்த் தொட்டி காலியாகக் கிடந்தது. மத்தியானம் பழக்கதோஷத்தில் அரிசி கழுவின தண்ணீரை அதில் ஊற்றிவிட்டு, குடிக்கத்தான் மாடு இல்லையே என்று தீர்த்தம்மாள் தன்னையே திட்டிக்கொண்டாள். இப்போது பொழுது சாய்கிற நேரம், தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. விளிம்பில் மட்டும் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தாள். சுண்ணாம்பு.

பயம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. செவலைப் பசு செத்ததிலிருந்தே அவளுக்கு எதுவும் வரவில்லை, அழுகைகூட.

காரிமங்கலம் சந்தையில் வாங்கி ஓட்டிவந்த மாடு. முந்தாநாள் காலையில் நின்ற இடத்திலேயே சரிந்து, மூக்கில் கறுப்பு ரத்தம் வழிய அடங்கிப்போனது. பஞ்சாயத்தில் அதற்கு முன்பே தண்டோரா போட்டிருந்தார்கள். அடைப்பான் நோயில் சாகிற மாட்டை அறுக்கக் கூடாது, தோலை உரிக்கக் கூடாது, ஏரிக்கரைக் குழியில் சுண்ணாம்பு கொட்டிப் புதைக்க வேண்டும். பஞ்சாயத்து ஆள் முனிராஜ் வண்டியோடு வந்து நின்றான்.

"கயிறு, வைக்கோலு எல்லாத்தையும் குழியிலயே போட்டுருங்கக்கா. அந்த நோவு கயித்துலகூட ஒட்டிக்கினு கெடக்குமாம், டாக்டரு சொல்றாரு. யாருக்காச்சும் கொப்புளம் வந்தா ஒடனே சொல்லுங்க, ஊசி போட்டா பொழைச்சுக்கலாம்."

"எல்லாம் வண்டியில போட்டாச்சுப்பா" என்றாள்.

பச்சைப் பொய். விற்றாலும் செத்தாலும் மாட்டோடு கயிற்றை அனுப்பக் கூடாது. கயிறு வீட்டில் இருந்தால்தான் அடுத்த மாடு தங்கும். முனிராஜ் வருவதற்குள் அவள்தான் புருஷனை விரட்டினாள். நஞ்சப்பன் ரத்தத்தில் ஊறி இறுகின முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தான். ஏணியில் ஏற இரண்டு கையும் வேண்டுமே என்று மணியும் கயிறுமாகத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு ஏறி, கொட்டகை விட்டத்தில் சொருகிவைத்தான்.

இன்று அவன் காய்ச்சலில் கிடக்கிறான். கழுத்தைச் சுற்றிக் கொப்புளம் கிளம்பி, உடைந்து, நடுவில் கரி மாதிரி கறுத்துப்போயிருந்தது. கயிறு கிடந்த இடம் மட்டும்.

"வலிக்குதுங்களா?"

"ஒண்ணும் தெரியலை புள்ள. அதான் ஒரு மாதிரியா இருக்குது."

தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கடைசி பஸ் இன்னும் போகவில்லை. ஆனால் போனால் கேட்பார்கள், கயிறு வெளியே வரும், ஊரே காறித் துப்பும். முதலில் கயிற்றைக் குழியில் போட்டுவிடலாம், பிறகு அவனைக் கூட்டிப் போகலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு கொட்டகை வாசலில் மாடு கட்டுகிற முளைக்குச்சியையும் தொட்டியையும் தாண்டி உள்ளே போனாள்.

உள்ளே பழைய சாணி வாசமும் நனைந்த வைக்கோலின் புளிப்பும் இருந்தன. அவற்றுக்கு மேலே, புதுசாகச் சுண்ணாம்பு நீற்றினது போலத் தொண்டையை அரிக்கிற நெடி ஒன்று ஏறி நின்றது. ஏணியில் ஏறி விட்டத்தை அடிமுதல் நுனிவரை தடவினாள். ஓலைத் தூசிதான் கையில் வந்தது. கயிறு இல்லை.

கீழே, முளைக்குச்சிப் பக்கம், மணி ஒருதரம் அசைந்தது.

அசை போடுகிற சத்தம். தாடை மெல்ல இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

"என்னாங்க?" என்று வீட்டுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். ஏணியிலிருந்தே எட்டிப் பார்த்தாள். கதவு திறந்து கிடந்தது. வாசற்படியிலிருந்து கொட்டகைவரை, அவள் வரும்போது இல்லாத வெள்ளைத் தடம். மனிதக் கால் தடம். கொஞ்ச தூரத்தில் கைகளும் பதிந்திருந்தன.

இறங்கினாள்.

முளைக்குச்சியருகே நஞ்சப்பன் நின்றிருந்தான். நாலு காலில். முழங்கைவரை சுண்ணாம்பு. வாயெல்லாம் சுண்ணாம்பு. கழுத்தில் கயிறு. அதன் மறுமுனை தரையில் அவிழ்ந்து கிடந்தது.

அவளைக் கண்டதும் கழுத்தை நீட்டிக் கொடுத்தான். பொழுது சாய்ந்தால் செவலை நீட்டுமே, அதே மாதிரி.

ஓடத் தோன்றவில்லை. கத்தத் தோன்றவில்லை. கை தன்பாட்டுக்குக் கீழே நீண்டது. கயிற்றை எடுத்தது. முளைக்குச்சியில் சுற்றி, தினமும் போடுகிற முடிச்சைப் போட்டு, இறுக்கியது.

நஞ்சப்பன் தலையைத் தொட்டிக்குள் விட்டான். காலியாக இருந்தது. நிமிர்ந்து அவளையே பார்த்தான். அவன் மூக்கிலிருந்து கறுப்பாக ஒரு சொட்டு தொட்டியில் விழுந்தது.