தயக்கமடக்கி

ஆட்டம் தொடங்க மணி அடித்துவிட்டது. பெனிற்றா இன்னும் துப்பாக்கியின் ஐந்தாவது இணைப்பை மாட்டவில்லை. சைலன்சர், நீள்குழல், கைப்பிடி, மேகசின் எல்லாம் கிளாட்வின் சொன்னபடியே பொருத்தியாயிற்று. கடைசி இடத்தில் குறிபார்க்கும் ஸ்கோப் வைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றான்.

கிளாட்வின் தூத்துக்குடி அணியின் பயிற்சியாளன், அவளுடைய கணவன். எந்தத் துப்பாக்கிக்கு எந்த இணைப்பு என்பதை அவன்தான் முடிவு செய்வான். அவள் என்ன உடுத்துவது, அம்மா வீட்டுக்கு எப்போது போவது என்பதையும்தான்.

கணினித் துப்பாக்கி விளையாட்டு விரல்களைத் தாண்டிப் போயிருந்த காலம் அது. பிடரியில் ஒட்டிய நரம்புப்பட்டை வழியாக, இணைப்புகள் ஆடுபவரின் உடம்புக்குள்ளும் வேலை செய்தன. கைப்பிடி வைத்தால் மணிக்கட்டு நடுங்காது. புதிதாக வந்திருந்த தயக்கமடக்கி, முடிவெடுப்பதற்கும் செய்வதற்கும் நடுவே நரம்பு நின்று யோசிக்கும் கணத்தையே அழித்துவிடும்.

பெனிற்றாவின் குறை அந்தக் கணம்தான். அடிபட்டுத் தவழும் எதிராளியைக் கண்டால் அவள் விரல் நின்றுவிடும். போன வருடக் கோப்பை அப்படித்தான் போயிற்று. அந்தக் காட்சியை அணியினர் முன்னால் திரும்பத் திரும்ப ஓடவிட்டு கிளாட்வின் அவளைக் கேலி செய்திருந்தான்.

"அதைக் கழட்டுனா பழையபடி ஆயிருமா?" என்று கேட்டாள்.

"ஆகாதாம். நரம்பு பழகிக்கிடும். நல்லதுதானே" என்றபடி ஐந்தாவது இடத்தில் அவனே தயக்கமடக்கியைப் பொருத்தினான்.

அன்று தவழ்ந்தவர்களில் ஒருவர்கூடத் தப்பவில்லை. ஆயுதத்தைப் போட்டுவிட்டுக் கை தூக்கியவனையும் பெனிற்றா கண் இமைக்காமல் சுட்டாள். அரங்கம் கிளாட்வினின் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது. இது போன வருடமே வந்திருக்கக் கூடாதா என்று அவன் நினைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துணிகளை அடுக்கினாள். யாரைக் கேட்டுக் கிளம்புகிறாய் என்று அதட்டினான்.

"கல்யாணமான மறுவருஷமே முடிவு பண்ணிட்டேங்க" என்றாள். குரலில் கோபமே இல்லை. "ஒவ்வொரு தடவையும் வாசல் வரைக்கும் போயி நின்னுருவேன்."

அவள் அப்படி நின்றதை அவனும் பார்த்திருக்கிறான். பெட்டியோடு போய், கொஞ்ச நேரம் நின்று, திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைப்பாள். அதைப் பாசம் என்று எண்ணியிருந்தான்.

உட்கார், பேசுவோம், காலையில் யோசித்துப் பார் என்று கெஞ்சினான். அவன் பேசி முடிப்பதற்குள் அவள் கதவைத் திறந்து வெளியேறியிருந்தாள்.

படிக்கட்டில் அவள் செருப்புச் சத்தம் எங்கேயாவது நிற்கும் என்று கிளாட்வின் காத்திருந்தான். அது ஒரே சீராக இறங்கிப் போயிற்று.