மேஜை மேல் ஒரு ஈயக்கட்டை

செல்போன் அலறியது!

"சித்ரகலாங்களா? ஆஸ்பத்திரியில இருந்து பேசறோம்ங்க. உங்க ஊட்டுக்காரர் மயில்சாமி... போயிட்டாருங்க."

"சரிங்க."

தைத்துக்கொண்டிருந்த பனியனின் கையை முழுசாக அடித்து முடித்துவிட்டுத்தான் சித்ரகலா எழுந்தாள். அழுகை வரவில்லை. முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, பதினெட்டு நாளாக அந்த மனுசன் கரைந்ததைப் பார்த்துப் பார்த்து... பாவம், மரத்துப்போயிருந்தாள்.

மறுநாள் மத்தியானம்.

அவள் தைக்கும் அதே பனியன் கம்பெனி. மயில்சாமி மாஸ்டராக இருந்த கட்டிங் ஹால். இன்ஸ்பெக்டர் நல்லம்மாள் சித்ரகலாவை எதிரே நிறுத்தியிருந்தாள்.

"கதிர்வீச்சும்மா! துணி நகராம இருக்க மேல வெயிட் வெப்பீங்கல்ல? அதுல ஒண்ணு ஈயக்கட்டை. உள்ள இரிடியம்... பாய்லர் வெல்டிங்கைப் படம் புடிக்கற சரக்கு. எங்கியோ திருடுனது. கட்டையில இருந்த ஓட்டை உன் புருசன் வயித்தைப் பாத்துத் திரும்பியிருந்துச்சு!"

"நல்ல கனமுங்க. துணி அசையவே அசையாதும்பாரு."

"சோறு கொண்டாந்து வெக்கற சாக்குல வெச்சது இவதானுங்க!" என்றார் முதலாளி செங்கோட்டையன். "ரெண்டு பேருக்கும் ஆகாதுங்க."

"ஏம்மா, ஜெயிலுக்குப் போயிருவே! வாயத் தொறந்து பேசு!"

"எங்க இருந்தா என்னங்க."

காமா கதிர்களை அளக்கும் மெஷினோடு வந்திருந்த நிபுணர் டேனியல் திரையிலிருந்து நிமிர்ந்தார்.

"மேடம்! ஓட்டையை அடைச்சுட்டு அளந்தேன். சின்னக் கருவியில ஒரே மேடாத் தெரிஞ்சுது. இது பிரிச்சுக் காட்டுது. கதிரோட சக்தி 316-ல ஒரு முனை, இரிடியம். 364-ல இன்னொண்ணு... கதிரியக்க அயோடின்! ஈயத்துக்கு வெளிய, கை பட்ட இடத்துல!"

"அது எப்படிங்க அங்க வரும்?" என்றாள் நல்லம்மாள்.

"தைராய்டு புத்துநோய்க்குக் குடுக்கற மருந்துங்க. குடிச்சவங்க வேர்வையில வரும். எட்டு நாளைக்கொருக்காப் பாதியாயிரும். இன்னும் மிச்சமிருக்குன்னா, தொட்டு ரொம்ப நாளாகலை!"

சித்ரகலா தலையைத் தூக்கினாள். குரலில் கோபம்கூட இல்லை.

"முதலாளி ஐயா போன மாசம் அந்த மருந்துதானுங்க குடிச்சாரு. சாயத்தண்ணியக் கிணத்துல உடறதைக் கலெக்டருக்கு எழுதுவேன்னு ஊட்டுக்காரர் அவருகிட்டச் சண்டை போட்டதும் அதே வாரந்தானுங்க."

செங்கோட்டையனுக்கு முகம் வெளிறியது!

"டாக்டரு ஒருத்தரையும் தொடக்கூடாதுன்னு சொல்லியிருந்தாருங்க! நான் ரூமை உட்டே வரலீங்க!"

நல்லம்மாள் விலங்கை எடுத்தபடி அவரிடம் சொன்னாள்.

"அப்ப அந்த டாக்டரு மேல ஒரு கேஸ் போடுங்க... கட்டையையும் தொடக்கூடாதுன்னு சொல்லாம உட்டுட்டாரே!"