விளக்கில் ஒளிர்ந்த உறை

மணி அடித்ததும் ரோஸ்வித்தா கதவுச் சங்கிலியை எடுக்காமல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். வெளியே மழையில் நின்றவர் பிராண்டிஸ். போலீஸ் ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடம் துணிகளைப் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். கூடவே உதவியாளர் வீப்கே.

உள்ளே வந்தவரிடம் கடிதத்தை நீட்டினாள்.

‘செத்துப்போன உன் கணவன் எங்களுக்குப் போலி விற்றவன். அவன் பெருமையடித்த தொப்பி உறையே புறஊதா விளக்கில் ஒளிர்கிறது. சனிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் ஒழித்துவிடு. இல்லையென்றால் வருவோம்.’

“இன்னிக்குத்தான் சனிக்கிழமை,” என்றாள்.

மேசையில் கேக் தின்றுகொண்டிருந்த டெட்லெஃப், கணவர் ஹெர்மனின் பழைய நண்பன், நிமிர்ந்தான். “நான்தான் சொல்றேனே ரோஸி, எல்லாத்தையும் வேன்ல ஏத்திக்கிட்டுப் போயிடறேன். உனக்கெதுக்கு இந்தத் தலைவலி?” வாசலோரம் ஹெர்மன் சேகரித்த போர்க்காலப் பொருள்கள் பெட்டிகளில் கட்டித் தயாராக இருந்தன.

உறை மேசைமேல் கிடந்தது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் சிப்பாயின் இரும்புத் தொப்பிமேல் மாட்டுகிற துணி. ஒரு புறம் வசந்தகாலப் பச்சை, மறுபுறம் இலையுதிர்காலப் பழுப்பு. வீப்கே திரையை இழுத்துவிட்டு ஹெர்மனின் புறஊதா விளக்கைப் போட்டாள். இருட்டில் உறை நீலமாகப் பளீரிட்டது.

“போலிதான் சார்!” என்றாள் வீப்கே ஆவலாக. “போர்க்காலத் துணி இப்படி ஒளிராதே!”

“அப்போ டெட்லெஃப் சாரோட சட்டைக் கையும் போலியா?” என்றார் பிராண்டிஸ்.

அவன் சட்டைக் கையும் அதே நீலத்தில் ஒளிர்ந்தது. டெட்லெஃப் கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டான்.

“இப்போதைய சலவைத்தூள்ல துவைச்சா எதுவும் ஒளிரும். சேகரிக்கிற யாரும் இதைத் தண்ணியிலேயே காட்டமாட்டாங்க. நீங்க துவைச்சீங்களாம்மா?” என்று ரோஸ்வித்தாவிடம் கேட்டார் பிராண்டிஸ்.

“ஐயோ, தொட்டாலே ஹெர்மன் திட்டுவாரு!”

பிராண்டிஸ் ஹெர்மனின் அட்டைப்பெட்டியிலிருந்து இந்த உறைக்கான குறிப்பு அட்டையை எடுத்தார். எதை வாங்கினாலும் தையலிலிருந்து ஒரு நூலைக் கத்தரித்து அட்டையில் ஒட்டி வைப்பது ஹெர்மனின் வழக்கம். ‘விளக்கில் இருட்டு’ என்று அவர் கையெழுத்தில் இருந்தது. பிராண்டிஸ் அட்டையை விளக்கருகே பிடித்தார். நூல் துளியும் ஒளிரவில்லை.

“உறை அசல்தான். அப்புறம் யாரோ துவைச்சிருக்காங்க. வீட்டைவிட்டு எப்போ வெளியே போச்சு?”

“போன ஞாயித்துக்கிழமை டெட்லெஃப் இதோட கொக்கியைச் சரிபண்ண எடுத்துட்டுப் போனாரு. வியாழக்கிழமைதான் திரும்ப வந்துது.”

“உங்க வீட்டுல இதை விளக்குல பாத்தீங்களா சார்?” என்று பிராண்டிஸ் டெட்லெஃபிடம் கேட்டார்.

“எங்கிட்ட விளக்கே கிடையாதுங்க,” என்றான் டெட்லெஃப் அவசரமாக. “வியாழக்கிழமை இங்கே ஹெர்மன் விளக்குலதான் மொதல்ல பாத்தோம்.”

பிராண்டிஸ் கடித உறையைத் திருப்பி அஞ்சல் முத்திரையைக் காட்டினார். “செவ்வாய்க்கிழமை போட்ட கடிதம். அன்னிக்கு உறை உங்க வீட்டுல இருந்துது. அது ஒளிரும்னு எழுதினவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

டெட்லெஃப் பாதி கேக்கை விட்டுவிட்டு மேலங்கியை எடுத்துக்கொண்டான். “போலீஸ் வீட்டுக்கு வரும். எங்கேயும் போயிடாதீங்க,” என்றார் பிராண்டிஸ்.

அவன் வெளியேற, ரோஸ்வித்தா சங்கிலியைக் கழற்றினாள். இந்த வாரம் முழுக்க யாரென்று எட்டிப் பார்க்காமல் அவள் கதவைத் திறந்தது இவன் ஒருவனுக்குத்தான்.