பெயர்ச்சல்லடை

"ஞானசௌந்தரீ! நங்கூரத்த விடு, ஞானசௌந்தரீ!" என்று கஸ்பார் படகின் பின்பக்கம் திரும்பிக் கத்தினார். கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்கும் சொந்த மனைவிக்கு ஒரே மூச்சில் இரண்டு முறை முழுப்பெயர். இத்தனை வருஷமும் "ஏட்டி" என்று கூப்பிட்டுக் குடும்பம் நடத்திய மனுஷன்தான். என்ன செய்வது, காலம் அப்படி. தூத்துக்குடிக் கடற்கரையில் இப்போது பெயர் சொல்லாமல் யாரும் பேசுவதில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று வாயைப் பொத்திக்கொண்டிருந்த பெண்கள்கூட இன்றைக்கு வாசலில் நின்று பெயர் சொல்லித்தான் கடலுக்கு அனுப்பிவைக்கிறார்கள். எல்லாம் துருவோதி வந்த பிறகு.

இரும்பு கடலுக்குள் துருப்பிடிக்கும்போது, பக்கத்தில் எழும் சத்தத்தின் நடுக்கமும் அந்தத் துருவோடு சேர்ந்து உறைந்துவிடுகிறது. அதை மெல்லிய ஒளியால் ஏடு ஏடாகச் சீவிப் பழையபடி ஒலியாக்குகிற கருவிதான் துருவோதி. நூறு வருஷம், நூற்றைம்பது வருஷம் முன்னால் மூழ்கின கப்பலாக இருந்தாலும் சரி, மூடிய அறைக்குள் கடைசியாக யார் என்ன சொன்னார்கள் என்று அது சொல்லிவிடும். ஒரே ஒரு சங்கடம். சீவின ஏடு போனது போனதுதான். வெங்காயத்தை உரித்துவிட்டுத் திரும்ப ஒட்டவைக்க முடியுமா?

வந்த புதிதில் கருவியை வைத்துக்கொண்டு மனிதர்கள் ஆடாத ஆட்டம் ஆடினார்கள். ஏதோ ஒரு உல்லாச விடுதியில், மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த கதறலை விருந்தின் நடுவில் போட்டுக் காட்டினார்களாம். சாப்பிட வந்தவர்கள் கைதட்டினார்களாம். செய்தியைக் கேட்டுக் கொதித்துப்போய், கடற்கரைப் பெண்களைத் திரட்டிக்கொண்டு ஆட்சியர் அலுவலக வாசலில் போய் உட்கார்ந்தவள் பிரகாசி. கடலுக்குள் முக்குளித்து, பழைய கப்பல்களுக்கு வழிகாட்டுவது அவள் தொழில். "செத்தவுக பேச்சு என்ன ஊறுகாயா, தொட்டுக்கிட்டுத் திங்க?" என்று அவள் கேட்ட கேள்வி நாடு முழுக்கப் போனது. சட்டம் வந்தது.

நல்ல சட்டம்தான். துருவிலிருந்து எழும் குரல் யார் பெயரைச் சொல்லி அழைக்கிறதோ, அவருக்கும் அவர் வழிவந்தவர்களுக்கும் மட்டுமே அது சொந்தம். மற்றவர் கேட்கக் கூடாது. யார் பெயரும் இல்லாத குரல் யாருக்கும் சொந்தமில்லை. அந்த நிமிஷமே அழிக்கப்படும். இதற்காகவே ஒவ்வொரு துருவோதியிலும் பெயர்ச்சல்லடை என்ற ஒன்றைப் பொருத்தினார்கள். பெயர் சொன்ன பேச்சு சல்லடையில் நிற்கும். மற்றதெல்லாம் கீழே கொட்டிவிடும்.

அப்புறம் என்ன, ஊரே பெயர் சொல்லப் பழகிக்கொண்டது. சொல்லாதவன் ஒருத்தன் இருந்தான். அவன் பிரகாசியின் புருஷன் தொம்மை, அவளைப் போலவே முக்குளிப்பவன்.

"நாளைக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா உங்க பேச்ச சல்லட கொட்டிரும். ஒரே ஒரு தடவ என் பேரச் சொல்லுங்களேன்" என்று பிரகாசி அவனிடம் மன்றாடாத நாள் இல்லை.

"கடல்ல கட்டுனவ பேரச் சொல்லப்பிடாது. எங்க அய்யா சொல்லுவாரு. கடலுக்குக் காது உண்டு, பேரக் கேட்டு வச்சிக்கிட்டு பின்னாலயே வீட்டுக்கு வந்துரும்."

"இது கடலா? வீடுல்லா. இங்க சொல்லுங்க."

"இங்கருந்து கடல் எம்புட்டு தூரம்? இந்தா, மீன் தீயுது பாரு. போ, போ."

சிரித்தே மழுப்பிவிடுவான். சட்டத்தைக் கொண்டுவந்தவள் வீட்டிலேயே சட்டம் செல்லவில்லை. ஊர் கேலி பேசியது. அவளுக்கு உள்ளூர வருத்தம்தான். மற்ற பெண்களுக்கு அவரவர் புருஷன் வாயிலிருந்து காலையும் மாலையும் பெயர் கிடைக்கிறது. தனக்கு மட்டும் கிடைக்கவில்லையே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

போன ஆடியில் அவளுக்குக் கடும் காய்ச்சல். தொம்மை மட்டும் கூலிக்கப்பலுக்குப் போனான். அது இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போன காலத்துப் புகைக்கப்பல். புயலில் மூழ்கி மன்னார் வளைகுடாவில் கிடக்கிறது. அதன் அடித்தளத்து அறைக்குள் அவன் இருந்தபோது துருவேறின உத்தரம் ஒன்று சரிந்து வாசலை அடைத்துவிட்டது. முக்குளிப்பவர்கள் விட்ட மூச்சுக்காற்று அந்த அறையின் மேற்கூரையில் கொஞ்சம் தேங்கி நிற்கும். முதுகுக்கலத்தில் காற்று தீர்ந்ததும் முகமூடியைக் கழற்றிவிட்டு, அந்தக் காற்றில் மூக்கை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். உத்தரத்தை அறுத்து உள்ளே போனவர்கள் உடலைத்தான் கொண்டுவந்தார்கள்.

அந்தக் காற்றில் அவன் ஏதாவது பேசியிருப்பான். பேசியிருந்தால் அது மேற்கூரை இரும்பில், துருவின் மேலேட்டில் இருக்கும். அதில் பிரகாசியின் பெயர் இருந்தால் அவன் குரல் அவளுக்குக் கிடைக்கும். இல்லையென்றால் இல்லை. வருஷம் முழுக்க அவள் சோறு தின்றதும் தூங்கினதும் இந்த ஒரு எண்ணத்தோடுதான். சாகப்போகிற நேரத்திலாவது சொல்லியிருக்க மாட்டானா? சொல்லியிருப்பான். சொல்லாமல் எப்படிப் போவான்?

இன்றைக்குத்தான் அந்த மேலேட்டை ஓதும் நாள். அதற்காகத்தான் கஸ்பாரின் படகு வந்து நிற்கிறது. குரல் காப்பகத்திலிருந்து நிறைமதி என்ற பெண் வந்திருந்தாள். மதுரைக்காரி, சின்ன வயசு. "நான் வேணா வேற ஆளை இறக்கறேன்க்கா. நீங்க மேல இருங்க" என்றாள்.

"அவுக பேச்ச எடுக்க அடுத்தவ எதுக்கு? நானே போறேன்" என்று சொல்லி பிரகாசி முகமூடியை மாட்டினாள்.

முகமூடியின் கண்ணாடிக்கு எழுத்துக்கண்ணாடி என்று பெயர். தண்ணீருக்குள் குரல் குழம்பிப் போவதால், மேலே படகில் பேசுவதெல்லாம் பேச்சுவழக்கு திருத்தப்பட்டு, ஏட்டுத் தமிழ் எழுத்தாகக் கண்முன் ஓடும். கீழே பேசுவது மேலே திரையில் ஓடும். பெயர்ச்சல்லடைக்கு வைத்த அதே காதைத்தான் இதற்கும் வைத்திருந்தார்கள். ஆகையால் அதற்கும் பெயர்ப் பைத்தியம். அவள் தண்ணீரில் குதித்ததுமே "மணி, என்ன?" என்று கண்ணாடியில் எழுத்து வந்தது. கஸ்பார் மணி என்ன என்று கேட்டிருக்கிறார். "ஆருண்ணே அந்த மணி?" என்று பிரகாசி கேட்க, மேலே எல்லோரும் சிரித்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

கப்பல் ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து கிடந்தது. அறுத்த வாசல் வழியாக உள்ளே போய், மேற்கூரையில் துருவோதியைப் பொருத்திவிட்டு, அந்த இரும்பில் கையை வைத்தபடி மிதந்தாள். ஒளி சீவச் சீவத் துரு செம்புகையாகக் கரைந்து இறங்கியது. கண்ணாடியில் சல்லடையின் எழுத்து வந்தது. "குரல் உண்டு." மாதாவே என்றாள். அடுத்து, "பெயர் உண்டு."

அழுதேவிட்டாள். சொல்லியிருக்கிறார். கடைசியில் சொல்லிவிட்டார்.

"பெயர்: இந்திரா. மூன்று முறை."

அதற்கு மேல் எழுத்து வரவில்லை.

படகில் ஏறி, ஈரத்தோடு உட்கார்ந்தாள். நிறைமதிதான் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, இந்திராங்கறது யாரு? தங்கச்சி யாராவது?"

"எங்க ரெண்டு வீட்டுலயும் அப்படி ஒருத்தி கெடையாது."

"ஸ்கூல்ல கூடப் படிச்சவங்க..."

"சாவும்போது மூணு தடவ கூப்பிடுத அளவுக்கா?"

கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டார். ஞானசௌந்தரி வந்து அவள் தோளில் கை வைத்தாள். பிரகாசி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"எனக்கு ஒரு தடவ போட்டுக் காட்டு, தாயி. ஒரே ஒரு தடவ. அவுக குரலக் கேட்டுக்கிடுதேன்."

"முடியாதுக்கா. பூட்டியிருக்கு. பேருக்கு உரியவங்க வந்தாத்தான் திறக்கும். என்னாலயே கேக்க முடியாது." நிறைமதி அவளருகில் வந்து உட்கார்ந்தாள். "உங்களுக்குத் தெரியாததா? நீங்க கேட்டு வாங்கின சட்டம்தானே."

இனி இரண்டு வழி. ஊருக்கு அறிவித்து, இந்திரா யாராக இருந்தாலும் வந்து பெற்றுக்கொள்ளச் சொல்லலாம். அல்லது, அப்படி ஒருவர் இல்லை என்று மனைவி உறுதி சொல்லிக் கைரேகை வைத்தால் குரலை அழித்துவிடலாம். பிரகாசி யோசித்துப் பார்த்தாள். எவளோ ஒருத்தி, நல்ல சேலை கட்டிக்கொண்டு காப்பகத்துக்கு வந்து, காதில் கருவியை மாட்டி, தன் புருஷனின் கடைசிப் பேச்சைக் கேட்டுக் கண்ணீர் விடுவாள். ஊரெல்லாம் அதைப் பேசும். ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

"என் பேரச் சொன்னா கடல் வந்துருமாம். அவ பேரச் சொன்னா வராதாமா?" என்றாள். "அழிச்சிரு."

"அவசரப்படாதீங்கக்கா. ஒரு வாரம் பொறுத்து..."

"அழின்னு சொல்லுதேன்லா!"

கட்டைவிரலை வைத்தாள். ஒரு சத்தமும் இல்லாமல் முடிந்துபோனது.

வீட்டில் தொம்மையின் படம் சுவரைப் பார்த்துத் திரும்பியது. கல்லறைத் திருநாளன்று ஊரே மெழுகுவர்த்தியும் பூவுமாகக் கிடந்தபோது அவன் கல்லறை மட்டும் இருட்டிக் கிடந்தது. "என்னட்டி, ஒரு திரிகூடக் கொளுத்தலியா?" என்று கேட்டவர்களுக்கு, "கொளுத்த வேறாள் இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவனோடு வாழ்ந்த ஒவ்வொரு நாளையும் எடுத்து எடுத்துத் தோண்டிப் பார்த்தாள். தாமதமாக வந்த நாள்கள், காரணமில்லாமல் சிரித்த நாள்கள், எல்லாவற்றிலும் இந்திரா வந்து உட்கார்ந்துகொண்டாள். இல்லாத ஒருத்தியை அவள் அவ்வளவு தெளிவாகப் பார்த்தாள்.

மார்கழியில் கடல் தெளிந்ததும், அதே அறையில் அடியேடுகளை ஓத வேண்டியிருந்தது. புயலில் செத்த கூலிக்காரர்கள் யார் யார் பெயரை அழைத்தார்களோ, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இலங்கை மலைநாட்டில் காத்திருக்கிறார்கள். வேறு ஆள் கிடைக்கவில்லை. கஸ்பாரின் படகில் நிறைமதியும் வர, பிரகாசியே இறங்கினாள். மேற்கூரையில் முன்பு சீவின இடம் பளபளவென்று இருந்தது. அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

மேலே கொஞ்சம் காற்று அடித்தது போலிருக்கிறது. கண்ணாடியில் கஸ்பாரின் பேச்சு ஓட ஆரம்பித்தது. "படகு இழுக்கிறது. கயிறு எங்கே?" அப்புறம், "இந்திரா, பிடி. இந்திரா."

பிரகாசிக்குச் சுரீரென்றது. "ஆருண்ணே அது?" என்று கேட்டாள். "ஆரு வந்திருக்கா படகுல?"

"யாரும் வரவில்லையே. ஞானசௌந்தரியிடம் கயிறு கொடுத்தேன்."

"என்ன சொல்லிக் குடுத்தீக?"

"என்ன சொல்வார்கள்? இந்திரா என்றுதான் சொன்னேன்."

வாசித்தாள். இன்னொரு தரம் வாசித்தாள். கயிற்றை நீட்டுகிறவர் என்ன சொல்லி நீட்டுவார்? எவரும் என்ன சொல்லி நீட்டுவார்கள்?

இந்தா.

இந்தா, மீன் தீயுது பாரு. இந்தா, என் சட்டைய எங்க வச்ச? இந்தா, தூங்கிட்டியா? அன்றைக்குக் காலையில், காய்ச்சலில் கிடந்தவளின் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, இந்தா, கஞ்சி அடுப்புல இருக்கு, போயிட்டு வாறேன். அவன் வேறு எப்படித்தான் கூப்பிட்டிருக்கிறான்? அவள் வாழ்க்கை முழுக்க அவன் வாயில் அவளுக்கு இருந்த பெயரே அது ஒன்றுதான். பெயர் என்றே அவளுக்குத் தோன்றாததால் கடைசிவரை காதில் விழவில்லை. பெயர் பெயர் என்று கேட்டுக் கேட்டு, அவள் காதும் சல்லடையாகிப் போயிருந்தது.

மூன்று முறை. மூச்சு முட்டும்போதும் அவளுடைய நிஜப் பெயரைக் கடலுக்குக் காட்டிக்கொடுக்காமல், மூன்று முறை அவளைத்தான் கூப்பிட்டிருக்கிறான். அதற்குப் பின்னால் என்ன சொன்னானோ. இனி யாருக்கும் தெரியாது. கல்லறையில் ஒரு திரிகூட ஏற்றவில்லையே, பாவி, ஒரு திரிகூட ஏற்றவில்லையே.

சீவிப் பளபளத்த அந்த இரும்பில் போய் இரண்டு கையையும் பரப்பி வைத்து, முகமூடியை அதில் அழுத்திக்கொண்டு, கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொன்னாள். "என்னங்க... இந்தா இருக்கேன். இந்தா இருக்கேங்க."

அது மேலே படகுத் திரையில் எழுத்தாக வந்தது: "என்னங்க, இந்திரா இருக்கிறேன். இந்திரா இருக்கிறேன்."

நிறைமதி அதைப் பார்த்துப் பதறிப்போய் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தாள். "அக்கா, வந்துட்டாங்களா? எங்க இருக்காங்க அவங்க?"