மூன்று சுற்று

ராபர்ட்டின் ஸ்டுடியோ சுவரில் மாட்டியிருந்த படத்தில், மகள் சுவேதாவுக்கு இடது காது இல்லை. நிழலாக இருக்கும் என்று கண்ணாடியைத் துடைத்தான். காது இருந்த இடத்திலும் கன்னம்தான் இருந்தது.

வெளியே திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெரு மத்தியான வெயிலில் ஓய்ந்து கிடக்க, உள்ளே, விற்பதற்காகப் படங்களை அவன் அழித்துக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர் மட்டும் பல்லை நறநறவென்று கடிப்பது போல ஓடிக்கொண்டிருந்தது. படத்தை டெலீட் செய்தால் பெயர்தான் போகும், படம் உள்ளேயே கிடக்கும். அதன்மேல் வேறெதையாவது மூன்று சுற்று எழுதினால்தான் எவனாலும் மீட்க முடியாது. அது தெரிந்துதான் காலையில் பொய் சொன்னான், பாவி.

தேவனாம்பட்டினத்திலிருந்து மலர்க்கொடி வந்திருந்தாள். அவள் மகனையும் வீட்டையும் சுனாமி கொண்டுபோய் ஐந்து மாதம். அந்தப் பிள்ளையை ஒரே ஒரு தடவை படம் எடுத்தது ராபர்ட்தான்.

"ஒரு பிரிண்ட் போட்டுக் குடுங்கண்ணே. புள்ள மொகம் எனக்கு மறந்துகிட்டே போவுது."

முந்தின நாள்தான் டெலீட் செய்திருந்தான். மீட்க அரை நாள் வேலை. கம்ப்யூட்டரை வாங்குகிறவன் சாயங்காலம் வந்துவிடுவான்.

"அதெல்லாம் போயிடுச்சும்மா," என்றான். அவள் படியிறங்கும் முன்பே, மூன்று சுற்றுக்கான பட்டனை அழுத்திவிட்டான்.

இரண்டாவது சுற்று ஆரம்பித்தது. சூடான வயர் நாற்றத்தோடு கடல் சேற்று வாடையும் வந்தது. படத்தில் சுவேதாவுக்கு மூக்கும் இல்லை. வீட்டுக்குப் போன் செய்தான்.

"சுவேதா எங்க?"

"இங்கதாங்க," என்றாள் மனைவி ஜெயராணி. "மொகம் அரிக்குதுன்னு துண்டைப் போட்டு மூடிகிட்டிருக்கா. மூச்சு வேற முட்டுதாம். ஆட்டோவுல அங்க கூட்டியாறேன், டாக்டர்கிட்ட போவலாம்."

பிளக்கைப் பிடுங்கினான். சத்தம் நிற்கவில்லை. பெட்டியைத் தூக்கித் தரையில் அடித்தான். நிற்கவில்லை. இருட்டாக வேண்டிய திரையில் மூன்றாவது சுற்று.

படத்தில் ஒரு கண்.

அதுவும் போனது.

சத்தம் நின்றது.

வாசலில் ஆட்டோ. ஜெயராணி இறங்கினாள். பின்னாலேயே, சுவரைத் தடவித் தடவி, சுவேதா. அவள் மூக்கு எப்படி இருக்கும்? கண்? ராபர்ட் யோசித்தான். ஞாபகம் வரவில்லை.

துண்டு நழுவியது.

நெற்றியிலிருந்து தாடை வரை வெறும் தோல். வாய் இருக்க வேண்டிய இடம் உள்ளே குழிந்தது. உப்பியது. மறுபடி குழிந்தது. இன்னும் வேகமாக.