உருளைக்கிழங்குக்கு ஒரு போர்வை

என் கைக்கு ராசி இல்லை என்பது எங்கள் கட்டடம் முழுக்கத் தெரிந்த விஷயம். நான் நட்ட தக்காளி வாடியது. அவரை அழுகியது. "நண்டு, நீ தொட்டா பிளாஸ்டிக் செடிகூடப் பட்டுப்போகும்" என்று அண்ணன் கேலி செய்வான். சின்ன உருவமாக, ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பதால் எனக்கு நண்டு என்று பெயர்.

கீழ்த்தளத்துத் தையல்கார மாமாவின் மனைவி மட்டும் அப்படிச் சொன்னதில்லை. முளைவிட்ட நான்கு உருளைக்கிழங்குகளை என் கையில் வைத்து, "உனக்கும் கைராசி இருக்கு. நட்டுப் பாரு" என்றார். அடுத்த மாதமே அத்தை இறந்துபோனார்.

அத்தை சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று எனக்கு ஒரே பயம்.

எங்கள் மூன்றாம் மாடி பால்கனியில் ஒரு சாக்கு வைக்கத்தான் இடம் உண்டு. பாதிச் சாக்கு மண்ணில் மூன்று கிழங்குகளை நட்டேன். நான்காவது கிழங்குக்கு இடமில்லை; அது அட்டைப்பெட்டியில் சுருங்கிக் கிடந்தது. செடி வளர வளர மண் போட்டு மூட வேண்டும் என்று அத்தை சொல்லியிருந்தார். மண்ணுக்கு எங்கே போவேன்? கீழே எங்கு பார்த்தாலும் சிமெண்ட் தரை.

ஒரு நாள் பார்த்தால், இரண்டு கிழங்குகள் மண்ணுக்கு வெளியே தலை நீட்டியிருந்தன. தோல் பச்சையாகிவிட்டது.

"வெளிச்சம் பட்டுடுச்சு. பச்சையானதைச் சாப்பிட்டா வயித்தைக் கலக்கும். தூக்கிப் போட வேண்டியதுதான்" என்றாள் அம்மா. "இப்படியே விட்டா மத்ததும் போயிடும்."

மண் இருந்த ஒரே இடம் மாமாவின் கடை வாசல். அங்கே அத்தையின் ஏழு தொட்டிகள் இருந்தன. செடிகள் எல்லாம் காய்ந்து குச்சியாகிவிட்டன.

"மாமா, இதெல்லாம் செத்துப்போச்சு இல்ல? மண்ணை நான் எடுத்துக்கட்டுமா?"

தையல் இயந்திரம் நின்றது.

"தொடாதே! போ இங்கிருந்து!"

அதுவரை மாமா என்னிடம் கத்தியதே இல்லை. படியேறும்போதே அழுகை வந்துவிட்டது. கோபமும்தான். செத்த செடிக்கு எதற்கு மண் என்று அண்ணனிடம் புலம்பித் தீர்த்தேன்.

மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பி இறங்கியபோது, மாமா தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஏழு தொட்டிக்கும் தலா ஒரு குவளை. காய்ந்த குச்சிகளைச் சுற்றி மெதுவாக, சிந்தாமல் ஊற்றினார்.

அவை பிழைக்காது என்று மாமாவுக்கும் தெரியும். ஆனால் அந்த மண் அத்தை கையால் போட்டது. என் கோபம் போன இடம் தெரியவில்லை. அப்புறம் நான் மண்ணைக் கேட்கவே இல்லை.

மாலையில் கடையின் குப்பைக் கூடையில் வெட்டுத்துணிகள் நிரம்பி வழிந்தன. கிழங்குக்கு வேண்டியது இருட்டுதானே?

"மாமா, இதையாவது எடுத்துக்கட்டுமா?"

நிமிராமலே தலையாட்டினார்.

பச்சையான இரண்டையும் பறித்து எறிந்துவிட்டு, செடியைச் சுற்றித் துணிகளைத் திணித்தேன். நீலம், கோடு போட்டது, கட்டம் போட்டது என்று எல்லாமே இருந்தன.

"என்ன, கிழங்கு கல்யாணத்துக்குக் கிளம்புதா?" என்று அண்ணன் சிரித்தான்.

மூன்றாம் நாள் மாமா மாடியேறி வந்தார்.

"அன்னிக்குக் கத்திட்டேன். மனசே சரியில்ல. ஆமா, துணியை வெச்சு என்ன பண்றே?"

சாக்கைக் காட்டினேன். "அத்தை கொடுத்த கிழங்கு மாமா."

மாமா குனிந்து ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தார். "எங்கிட்ட சொல்லவே இல்லையே அவ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் உள்ளே ஓடி, நான்காவது கிழங்கை எடுத்து வந்தேன். "தினமும் தண்ணி ஊத்துறீங்களே மாமா. ஒரு தொட்டியில இதை வைங்க. மண்ணு அங்கேயே இருக்கட்டும்."

மாமா அதை வாங்கிக்கொண்டு இறங்கினார்.

செடி மஞ்சளாகிச் சாய்ந்ததும் சாக்கைக் கவிழ்த்தோம். பதினோரு கிழங்குகள்! அண்ணன் இரண்டு முறை எண்ணினான். அதோடு பிளாஸ்டிக் செடிப் பேச்சை விட்டுவிட்டான். ஐந்தை மாமாவுக்குக் கொடுத்தேன்.

ஆறு தொட்டிகளில் இன்னமும் குச்சிகள்தான். மாமா அவற்றுக்கும் தண்ணீர் ஊற்றுகிறார். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஏழாவதில் மட்டும் பச்சை இலைகள்.

நேற்று அதில் ஒரு குட்டிக் கிழங்கு வெளியே எட்டிப் பார்த்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். மாமா கடைக்குள் போனார். இயந்திரம் கொஞ்ச நேரம் ஓடியது. திரும்பி வந்தவர் கையில் பூப்போட்ட துணி ஒன்று இருந்தது. அது அத்தை உடுத்திய சேலையின் துண்டு என்று எனக்கு அடையாளம் தெரிந்தது. நான்கு ஓரமும் மடித்துத் தைத்திருந்தார்.

"கிழங்குக்கு எதுக்கு மாமா ஓரம் அடிக்கணும்?"

"பிசிறு குத்தாதா?" என்றபடி, கிழங்கைப் பூப்போல மூடினார் மாமா.