அசலில் இல்லாத அறை

வைரஸ் பரிசோதனை முடிந்த பிறகும் திரையில் கோப்புகளின் பெயர்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

வழக்கமாக இருபத்திரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் மூலையில் இருக்கும் கேடயம் பச்சையாகி, எல்லாம் சுத்தம், எங்களை நம்பியதற்கு நன்றி என்று பணிவாக ஒரு வரி வரும். அவன் நாற்காலியில் சாய்ந்து நெட்டி முறித்துவிட்டு வேலையைத் தொடங்குவான். இன்றும் கேடயம் பச்சையானது, நன்றியும் வந்தது. ஆனால் அதற்குக் கீழே சதவீதம் காட்டும் பட்டை மறுபடி பூஜ்யத்திலிருந்து நகர ஆரம்பித்தது. மணி நாலு. வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை.

வீட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பது அவன் தொழில். அந்த வட்டாரத்தில் யார் வீட்டுப் படுக்கையறை எத்தனை அடி என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வான். ஆறு வருஷத்துக்கு முன்னால், யாரோ அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்து தொலைத்தான். நானூறு வரைபடங்கள் ஒரே ராத்திரியில் குப்பையாகிவிட்டன. அன்றைக்கே இணையக் கம்பியைப் பிடுங்கி எறிந்தவன்தான், அதன் பிறகு அந்தக் கணினிக்கு வெளியுலகமே கிடையாது. அதுவும் போதாதென்று வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒன்று. நிறுவனம் மாதாமாதம் தபாலில் ஒரு குறுந்தகடு அனுப்பும். அதைப் போட்டால் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்.

கணினி விற்கிற அவன் மச்சான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இதைச் சொல்லியே வம்புக்கு இழுப்பான். "வாசலப் பூட்டி ஆணியும் அடிச்சுட்டு, உள்ள ஒரு காவல்காரன வச்சிருக்கீங்க மச்சான். அவன் யாரு, எந்த ஊருன்னு ஏதாவது தெரியுமா?" தெரிந்ததெல்லாம் உறையின் மேலிருந்த கேடயமும் ஒரு தபால்பெட்டி எண்ணும்தான். ஆனால் ஆறு வருஷத்தில் ஒரு கோடு அழியவில்லை. நம்புவதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று இவன் மச்சானின் வாயை அடைத்துவிடுவான்.

இந்த மாதக் குறுந்தகடு போடும்போது புதிதாக ஒரு கேள்வி கேட்டது. சந்தேகப்படும்படி எதையாவது கண்டால் உங்களைக் கேட்க வேண்டுமா, நாங்களே பார்த்துக்கொள்ளலாமா? கோடு போட்டுக்கொண்டிருக்கும்போது திரையில் பெட்டி பெட்டியாக எழும்பி நச்சரிப்பது அவனுக்கு ஆகவே ஆகாது. நீங்களே பாருங்கள் என்று அழுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டான்.

இப்போது பட்டைக்கு மேலே எழுதியிருந்தது: 'நம்ம வீடு. அசலோடு ஒப்பிடப்படுகிறது.'

'நம்ம வீடு' என்பது கல்யாணமான புதிதில் அவன் ஆசை ஆசையாகப் போட்ட வரைபடம். இதே வீடு, அவனுடைய சொந்த வீடு. சின்னக் கோப்பு, கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட வேண்டியது. பட்டையோ நாலு சதவீதத்தில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது. அதன் கீழே கோப்பின் பெயருக்குப் பதிலாக ஒரே ஒரு சொல் தெரிந்தது. ஹால்.

முன்பக்கத்தில் திரைச்சீலையின் வளையங்கள் கம்பியில் சரசரவென்று உரசிக்கொண்டு ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போயின, யாரோ துணியை ஒதுக்கிப் பின்னால் எட்டிப் பார்ப்பது மாதிரி, அவசரமே இல்லாமல். காற்று என்று நினைத்தான். எழுந்து போய்ப் பார்த்தான். ஜன்னல் சாத்தியிருந்தது. திரைச்சீலை ஓரமாக ஒதுங்கி அசையாமல் தொங்கியது. ஹாலில் ஏதோ குறைந்திருந்தது, என்னவென்று பிடிபடச் சற்று நேரமானது. வாசனை. செருப்பு, செய்தித்தாள், பழைய சோபா, நேற்று பூசிய தைலம் எல்லாம் கலந்து அந்த ஹாலுக்கென்று ஒரு வாசனை உண்டு, அது சுத்தமாக இல்லை.

திரும்பி வந்தபோது 'ஹால்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பச்சைக் குறி விழுந்திருந்தது. கீழே: சமையலறை.

பாத்திரங்களின் மூடிகள் ஒவ்வொன்றாகத் தூக்கப்பட்டு வைக்கப்படும் சத்தம் கேட்டது. டப்பாக்கள் திறந்தன, மூடின. குழாய் ஒரு நொடி ஓடி நின்றது. மனைவி நர்ஸ், பகல் டியூட்டி முடிந்து நாலரைக்குத்தான் வருவாள். வீட்டில் அவனையும் மகளையும் தவிர யாரும் இல்லை. மகளுக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடத்து ஊஞ்சலிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு, முழங்கால் வரை மாவுக்கட்டோடு பதினைந்து நாளாகப் பின் அறையில் படுத்திருக்கிறாள். தூக்கிப் போனால்தான் உண்டு, தானாக ஓரடி வைக்க முடியாது.

அவன் பின் அறைக்குப் போனான். தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டின் மேல் அவளே கலர் பென்சிலால் வரைந்த வீடுகள், எல்லா வீட்டுக்கும் வளைந்த கதவு. அப்பன் புத்தி. வாய் லேசாகத் திறந்திருந்தது, மூச்சு ஒழுங்காக வந்தது. போர்வையை இழுத்துவிட்டான். தூக்கிக்கொண்டு வெளியே போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நாலு மணி வெயிலில், திரைச்சீலை நகர்ந்தது என்பதற்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்கிறவனை என்னவென்று சொல்வார்கள்? தன்னையே கடிந்துகொண்டு மேசைக்குத் திரும்பினான்.

அந்த ஒரு கணத்துக்காகப் பிறகு அவன் தன்னை மன்னிக்கவே இல்லை.

சமையலறை, பச்சை. குளியலறை, பச்சை. படுக்கையறை ஓடிக்கொண்டிருந்தது. பீரோவின் கதவு முனகுவது கேட்டது. அடுத்து என்ன என்று பார்த்தான். வரைபடத்தில் அதற்கடுத்து ஒன்றும் கிடையாது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பின் அறை அந்த வரைபடத்தில் இல்லை. மகள் வயிற்றில் இருந்தபோது அவசர அவசரமாகக் கட்டியது; மேஸ்திரிக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் கிறுக்கிக் கொடுத்ததோடு சரி. ஊராருக்கெல்லாம் அங்குலம் பிசகாமல் கோடு போடுகிறவன் தன் வீட்டுப் படத்தைத் திருத்துவதை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று ஐந்து வருஷமாகத் தள்ளிப்போட்டிருந்தான்.

திரையில் எழுத்துகள் மாறின. 'அசலில் இல்லாத பகுதி ஒன்று கண்டறியப்பட்டது.'

கை தொழிலுக்குத்தான் போனது. வரைபடத்தைத் திறந்தான். பத்துக்குப் பன்னிரண்டு, ஒரு கதவு, ஒரு ஜன்னல், இரண்டு நிமிட வேலை. கோடு விழவில்லை. மறுபடி இழுத்தான். 'பரிசோதனையில் உள்ளது. மாற்ற இயலாது.' மின்சுவிட்சை அணைத்தான். விசிறி நின்றது. பெட்டியின் இரைச்சல் நின்றது. திரை நிற்கவில்லை. கம்பியைப் பிடுங்கினான். பிடுங்கிய கம்பி கையில் இருந்தது, பட்டை நகர்ந்தது.

ஓடினான்.

பின் அறைக்குப் போகும் நடையின் கோடியில் சுவர் இருந்தது.

சுவர் மட்டும். நிலை இல்லை, கதவு இல்லை. சுண்ணாம்பு நேற்று அடித்தது போல வெள்ளையாக, ஒரு கீறல் இல்லாமல். கையால் தடவினான். குளிர்ச்சி. பின்கட்டு வழியாக வெளியே ஓடி வீட்டைச் சுற்றி வந்தான். அறை இருந்த இடத்தில் புல் முளைத்திருந்தது. பல வருஷத்துப் புல். துணி காயப்போடும் கொடி அதன் மேல் வெயிலில் ஆடிக்கொண்டிருந்தது.

உள்ளே வந்தபோது சுவர் தட்டப்படுவது கேட்டது. உள்ளிருந்து. சின்னக் கை.

"அப்பா, கதவு எங்க?"

ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் புல், வெயில். அவனே பார்த்துவிட்டு வந்தான். சுவரில் காதை அழுத்தினான். சத்தம் அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை. செங்கல்லின் கனத்துக்குள்ளிருந்து வந்தது.

"அப்பா இங்கதான் இருக்கேன் குட்டி. பயப்படாதே."

"இருட்டா இருக்கு."

கடப்பாறையால் அடித்தான். சுண்ணாம்பு உதிரவில்லை. நாலாவது அடியில் உள்ளே அவள் வலியில் கத்தினாள். கடப்பாறையைக் கீழே போட்டுவிட்டான்.

திரையில் பொறுமையாக நான்கு வரிகள் காத்திருந்தன. ஒரு பகுதி தனிமைப்படுத்தப்பட்டது. மீட்க நிறுவனத்தின் அனுமதி தேவை. நிறுவனத்துடன் இணைப்பு இல்லை. ஆறு நிமிடத்தில் தானாக அழிக்கப்படும்.

ஆறு ஐந்தானது.

ஆறு வருஷம் அவன் கட்டிக்காத்தது அந்த இணைப்பின்மை ஒன்றைத்தான். அவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள், எதுவும் தெரியாது. ஒரு தபால்பெட்டி எண். நடையிலிருந்து அப்பா, அப்பா என்று கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்று. இணையம் இருந்த கைபேசியை எடுத்தான். அதன் கம்பியைக் கணினியில் செருகினான். கேட்ட எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று அழுத்தினான். படிக்கவில்லை. படிக்க நேரமில்லை. எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், அவளைக் கொடுத்துவிடுங்கள்.

பதில் உடனே வந்தது. பக்கத்திலேயே காத்திருந்தவர்கள் போல.

'எங்களை நம்பியதற்கு நன்றி. பழுதான பகுதிக்குப் பதிலாகப் பாதுகாப்பான நகல் வைக்கப்பட்டது.'

நடையில் கதவு திறக்கும் சத்தம். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தவன், அப்படியே நின்றான். காலடிச் சத்தம் கேட்டது. ஒரே சீராக, இரண்டு கால்களும். மேசையை நோக்கி நடந்து வந்தாள். அதே கவுன். அதே இரட்டைச் சடை, முடிக்கு முடி அளந்து பின்னியது போல. காலில் கட்டு இல்லை. தழும்பு இல்லை. கொசு கடித்த தடம்கூட இல்லை. அவளிடம் எந்த வாசனையும் இல்லை.

"அப்பா," என்றாள். குரலில் பிழை இல்லை.

அவளுக்குப் பின்னால், கதவுக்குப் பக்கத்துச் சுவரில், தட்டும் சத்தம் நிற்கவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றும் ஓசை. மனைவி வந்துவிட்டாள். நடந்து வந்தவள் "அம்மா" என்று கத்திக்கொண்டு ஓடினாள், ஓடிய வேகத்தில் இடுப்பில் தாவி ஏறிக்கொண்டாள். மனைவி சிரித்தாள். காலைப் பார்த்தாள். பார்த்தும் அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. குழந்தைக்கு அடிபட்டதே அவளுக்குத் தெரியாது போலிருந்தது. அவன் வாயைத் திறந்தான். எங்கிருந்து ஆரம்பிப்பது? உன் பெண் சுவருக்குள் இருக்கிறாள் என்றா?

"என்னங்க, பக்கத்து வீட்ல ஆணி அடிக்கிறாங்களா?" என்று கேட்டாள் மனைவி. பதிலுக்குக் காத்திராமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பாலுக்கு அடுப்பு பற்றியது. இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள்.

தட்டுவது நின்றது. அம்மாவின் குரல் உள்ளே கேட்டிருக்க வேண்டும். அவன் சுவரில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு தரைக்குப் பக்கத்தில், சுண்ணாம்புக்கு உள்ளே, கனமான மாவுக்கட்டு ஒன்று செங்கல்லில் உரசிக்கொண்டு நகர ஆரம்பித்தது. ஒரு இழுப்பு, கொஞ்சம் மூச்சு, மறுபடி ஒரு இழுப்பு. சுவரோடு சுவராக, சிரிப்புச் சத்தம் வந்த பக்கமாக அது மெல்லப் போய்க்கொண்டிருந்தது.